அமெரிக்காவில் டென்னஸி வாக்கிங் என்ற இனக் குதிரைகளின் கால்களைப் புண்ணாக்கிப் பழக்குவதை 1970-லேயே சட்டம் தடை செய்தும் ஏன் இன்னும் நிற்கவில்லை?

புண்ணாக்குவது குற்றம் என்றார்கள். ஆனால் அந்தப் புண்ணால் லாபம் தரும் கருவிகளை, அதாவது முன்னங்காலில் மாட்டும் சங்கிலியையும் குளம்புக்கு அடியில் பொருத்தும் அடுக்கையும், அனுமதித்துவிட்டார்கள். என் பார்வையில் மூலகாரணம் இதுதான்.

இந்தக் குதிரைக்கு இயற்கையாகவே அருமையான நடை. தலையை அசைத்தபடி, மேலே இருப்பவர் குலுங்காமல் வேகமாக நடக்கும். ஆனால் போட்டியில் பரிசு வாங்கித் தருவது முன்னங்காலை மார்பு வரை தூக்கி வீசும் 'பிக் லிக்' நடை. அதை வரவழைக்கக் குளம்புக்கு மேலுள்ள தோலில் டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவி, பிளாஸ்டிக் சுற்றி ஊற வைக்கிறார்கள். வெந்த தோலில் சங்கிலி வந்து மோதும்போது குதிரை வலி தாங்காமல் காலை உதறித் தூக்குகிறது. குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே தடித்த அடுக்குகள் வேறு. "சங்கிலி 170 கிராம்தானே, அது என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல தோலில் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். புண்ணில்?

அப்புறம் சோதனை. 1976 திருத்தத்துக்குப் பிறகு, போட்டித் தரப்பே நியமிக்கும் ஆட்கள்தான் பெரும்பாலும் குதிரைகளைச் சோதித்தார்கள். இதில் சுயநலம் கலந்திருக்கிறது, இந்த முறையையே கைவிடுங்கள் என்று வேளாண் துறையின் தணிக்கை அறிக்கையே 2010-ல் சொன்னது. எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. லாயத்திலேயே பொய்ச் சோதனை நடத்தி, காலைத் தொடும்போது சிலிர்க்கும் குதிரையை அடிப்பார்கள். அசையாமல் நின்றால் அடி இல்லை என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு சோதகர் அழுத்தினாலும் வலியைக் காட்டாது.

2012-ல் இந்தக் கொடுமையை ரகசியமாக எடுத்த காணொளி ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. டென்னஸி மாநிலத்தின் ஷெல்பிவில்லில் நடக்கும் பெரிய போட்டிக்கான ஆதரவை பெப்சி விலக்கிக்கொண்டது. காணொளியில் சிக்கிய பிரபலப் பயிற்சியாளருக்கு மத்திய நீதிமன்றம் விதித்தது 75,000 டாலர் அபராதமும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறை இல்லை. சங்கிலி, அடுக்கு இரண்டையும் ஒழிக்கும் மசோதா 2019-ல் கீழவையில் 333-96 என்று நிறைவேறியது, 2022-ல் மறுபடியும். செனட்டைத் தாண்டவில்லை. வேளாண் துறை 2024-ல் விதியாகவே கொண்டுவந்தது. அமலுக்கு வருமுன் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் முக்கியப் பகுதிகளை ரத்து செய்துவிட்டது.

சரி, வழி? கருவிகளை அடியோடு தடை செய்ய வேண்டும், சோதனையை அரசே நடத்த வேண்டும். அதோடு நடுவர்கள் அந்த நடைக்குப் பரிசு தருவதை நிறுத்த வேண்டும். சாதாரண லாடத்தோடு இதே இனக் குதிரைகள் கலந்துகொள்ளும் போட்டிகள் இப்போதே நடக்கின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்க்கப் போவதானால் அவற்றுக்குப் போங்கள். முன்னங்காலில் சங்கிலி தெரிந்தால் டிக்கெட் வாங்காதீர்கள்.