பெண்களுக்கான புற்றுநோய் சர்ஜன் ஆக எத்தனை வருடம்?

பிளஸ் டூ முடித்த மகள் கர்ப்பப்பைப் புற்றுநோய் சர்ஜன் ஆக ஆசைப்படுகிறாள், எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், மகப்பேறு மருத்துவத்தில் எம்எஸ் 3, அப்புறம் நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, பெண்களுக்கான புற்றுநோய் அறுவைக்கான உயர்சிறப்புப் படிப்பான எம்சிஎச் 3. மொத்தம் பதினொன்றரை, நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலம் தனி.

ஏன் இவ்வளவு? சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுப்பது வேறு, இது வேறு. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷனில் சுற்றியுள்ள திசுவையும் இடுப்பு நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் அந்தத் திசுவுக்குள்ளேதான் ஓடுகிறது. அதைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுக்கக் கை பழக வேண்டாமா? நோய் முற்றியிருந்தால் கத்தியை எடுக்காமல் கதிர்வீச்சுக்கு அனுப்பத் தெரிவதும் இதே படிப்புதான்.

சென்னையில் இருக்கிறீர்களே, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் மகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.