பிளஸ் டூ போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் வாலிநோக்கம் பக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கடல் தொழில், கல்லூரிக்கு அனுப்ப முடியவில்லை. சித்தி மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். அவனுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். இதையே வேலையாகச் செய்யலாம் என்று ஆசை. டிகிரி இல்லாமல் யார் எடுப்பார்கள்? "புண்ணியம்தான், ஆனா அதுல சோறு கிடைக்குமா?" என்கிறார் அம்மா.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கிடைக்கும். ஆரம்பத்தில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. புண்ணியம், புண்ணியம் என்று சொல்லியே இந்த வேலைக்குக் கூலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் இதை ஒரு தொழிலாக நினைத்து வாருங்கள். படித்து, கை பழகிச் செய்கிற தொழில்.

சோறு ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளை மடியில் மல்லாக்கக் கிடத்திக் கஞ்சியை வாயில் ஊற்றுகிற வீடுகள் உண்டு. புரையேறி, கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். முதுகு நிமிர உட்காரவைத்து, முகவாய் லேசாகக் கீழே இருக்கும்படி தலையைத் தாங்கி, சின்னக் கரண்டியில் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். நேரம் ஆகத்தான் செய்யும். சங்கு குளிக்கப் போனவர் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போவதுண்டு. அப்படிப் படுத்துவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும், உணர்ச்சி இல்லாததால் அவருக்கே தெரியாது. இதெல்லாம் பாசத்தால் மட்டும் வருவதில்லை, யாராவது சொல்லித்தர வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. ஆனால் சட்டம் போட்டால் மட்டும் போதுமா? கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பழகிய ஆட்கள் வேண்டும். நம் கரையில் அந்த ஆட்கள் போதவில்லை என்பதுதான் என் கவலை.

சரி, வழிக்கு வருவோம். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், சிறப்புப் பள்ளிகள், இல்லங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். உதவியாளர் வேலைக்கு டிகிரி கேட்க மாட்டார்கள். உங்கள் வட்டார வள மையத்திலும் விசாரியுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருப்பார்கள். ஒரு நாள் உங்களோடு வரட்டுமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாளிலேயே இது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

ஆனால் உதவியாளராகவே நின்றுவிடாதீர்கள். சம்பளமும் அங்கேயே நின்றுவிடும். 1992 சட்டப்படி, சிறப்பு ஆசிரியராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். அதற்கு டிகிரிதான் வேண்டும் என்றில்லை. பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் 2 ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் டிப்ளமோவும் 2 ஆண்டுதான். அவ்வளவு நாள் முடியாது என்றால், ஊருக்குள் இருந்தே மறுவாழ்வுப் பணி செய்கிறவர்களுக்காக 2021-ல் தொடங்கிய சி.பி.ஐ.டி. என்ற 6 மாதப் பாடம் இருக்கிறது, அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுவரொட்டியைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அந்த நிறுவனத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, இந்த ஆண்டுக்கு அனுமதி உண்டா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சும்மா அங்கீகாரம் பெற்றது என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

அப்புறம், தம்பிக்கு நிராமயா காப்பீடு எடுத்தாயிற்றா? மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். எடுக்கவில்லை என்றால் அலுவலகத்துக்குப் போகிற அன்றே அதையும் கேட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தை ஒருமுறை நிரப்பப் பழகிவிட்டால் தெருவில் நாலு வீட்டுக்கு உதவும்.

டிப்ளமோவுக்குப் பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. உங்கள் மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லையே. எழுதுங்கள், எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா