விண்கப்பல் பொம்மைச் சண்டையில் நிஜ இயற்பியலைச் சேர்த்தால் ஆட்டம் கெட்டுவிடுமா?

கெடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால்தான் கெடும். பொம்மைக் கப்பல்களை முறைவைத்து நகர்த்திச் சுட்டுக்கொள்ளும் இந்த ஆட்டத்தில், உங்கள் விதிநூலின்படி கப்பல் ஆறு அங்குலம் போய் நின்றுவிடுகிறது, 'விண்வெளியில் அதை எது நிறுத்தியது?' என்று கூட ஆடும் ஒருவர் கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. அவரை அடக்காதீர்கள்.

நாங்கள் ஆடுவது திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். கப்பல்கள் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்த களிமண் பொம்மைகள். மாடியில் பதித்த தட்டோடுகளே கட்டங்கள். முதலில் நியூட்டனின் முதல் விதியை மட்டும் முழுமையாக எடுத்துக்கொண்டோம்: வெளியிலிருந்து விசை படாதவரை, நகரும் பொருள் அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். சென்ற முறை மூன்று கட்டம் நகர்ந்த கப்பல் இந்த முறையும் அதே திசையில் மூன்று கட்டம் போகும். சேருமிடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. இயந்திரத்தை இயக்கினால், மூக்கு பார்க்கும் பக்கம் அந்தக் குறி ஒரு கட்டம் தள்ளிப்போகும். கணக்கு அவ்வளவுதான். இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1973இல் வந்த 'டிரைபிளானட்டரி' பலகை விளையாட்டிலேயே இந்த வழி இருக்கிறது.

என் அக்கா மகன் முதல் ஆட்டத்தில் என்னைத் துரத்தும் ஆவேசத்தில் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை இயக்கினான். ஐந்து கட்ட வேகத்தில் என்னைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டான். நிற்க இன்னும் ஐந்து முறை வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. "மாமா, மூக்கை மட்டும் திருப்பலாமா?" என்றான். "தாராளமாகத் திருப்பு மாப்பிள்ளை, போகிற திசை மட்டும் மாறாது" என்றேன். என் பக்கம் திரும்பி, பின்னோக்கிப் பறந்தபடியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு என்னைச் சுட்டான். எந்த விதிநூலும் அவனுக்கு அந்த உத்தியைச் சொல்லித்தரவில்லை, இயற்பியல் சொல்லித்தந்தது.

இடம் போதாவிட்டால் எல்லாக் கப்பல்களையும் குறிகளையும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்த்துங்கள். இடைவெளியும் சார்பு வேகமும் (ஒரு கப்பலிலிருந்து பார்த்தால் மற்றது நகரும் வேகம்) மாறாததால் சண்டையில் எதுவும் மாறாது. கலிலியோ காலத்து உண்மை இது.

அடுத்தது வெப்பம். வெற்றிடத்தில் அது கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீண்டிருக்கும் வெள்ளைத் தகடுகள் அதற்காகத்தான். ஒரு முறை சுட்டால் அந்த வெப்பத்துக்கு அடையாளமாகக் கப்பலின் தட்டில் இரண்டு புளியங்கொட்டை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கழியும். ஆறு சேர்ந்தால் பீரங்கி வாய் மூடும். தகடுகளை விரித்தால் இரண்டாகக் கழியும், ஆனால் அடிபட்டால் முதலில் உடைவது அவைதான்.

முப்பரிமாணம் எங்கே, ஈர்ப்பு எங்கே என்று பொறியாளர்கள் கேட்கக்கூடும். தெரிந்தேதான் விட்டேன். ஒன்றை முழுதாக வைப்பது, பத்தை அரைகுறையாக வைப்பதைவிட மேல்.

இந்த ஆட்டத்தை அறிவியல் மன்றத்தில் இலவசமாகக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு பள்ளிக்குப் போனேன். என் பையில் பகடைகளைக் கண்ட தலைமையாசிரியர், சகுனியையே நேரில் பார்த்ததுபோல 'சூதாட்டம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தாயம் ஆடாத வீடு நம் ஊரில் உண்டா? பதினொன்றாம் வகுப்பில் வெக்டர் கூட்டலை, அதாவது அளவோடு திசையையும் சேர்த்துக் கூட்டுவதை, மனப்பாடம் செய்து மறக்கிற பிள்ளைகள், அதே கூட்டலைத் தரையில் குனிந்து சாக்பீஸால் போடுவதை அவர் ஒரு முறையாவது பார்த்திருக்கலாம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் இரண்டே கப்பல்களோடு தொடங்குங்கள். கோள்கள் வேண்டாம், புளியங்கொட்டையும் வேண்டாம். குறி போடுவது கைக்குப் பழகிய பிறகு வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.