உளிப்பெட்டியோடு விமானம் ஏறுவது எப்படி?

வாசகர் கேள்வி: தம்மம்பட்டியில் மரச்சிற்ப வேலை செய்கிறேன். லண்டனில் ஒரு கோயிலுக்கு வாகனம் செய்துதர மூன்று மாதத்துக்கு அழைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து துபாயில் மாறிப் போகிறேன். 22 உளிகள், இரண்டு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), சாணைக்கல், பேட்டரியில் ஓடும் சின்ன கிரைண்டர், கொஞ்சம் வார்னிஷ் கொண்டுபோக வேண்டும். உளிகளில் பாதி அப்பா புழங்கியவை. அவற்றை மட்டுமாவது கைப்பையில் வைத்துக்கொள்ள முடியுமா, ஐயா?

முடியாது. ஒரே ஒரு உளிகூட முடியாது. இந்திய விமான நிலையங்களில் உளி, சுத்தியல், ரம்பம் எதையும் கேபினுக்குள் விடமாட்டார்கள். பிரிட்டனில் அலகோ தண்டோ 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தடை. கேபினுக்குச் சேராத கருவிகளுக்கு உதாரணமாகவே அங்கே உளியைத்தான் சொல்கிறார்கள். 'இது விரல் நீளம்தானே' என்று ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். பாதுகாப்புச் சோதனைக்கு நீங்கள் வரும்போது பெரிய பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். அங்கே பிடித்தால், அப்பாவின் உளியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். சென்னையில் எப்படியோ தப்பினாலும் துபாயில் கைப்பையை மறுபடி ஸ்கேன் செய்வார்கள்.

ஆகவே உளி எல்லாம் செக்-இன் பெட்டியில். அதை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, 14 உளிகளைத் துணிச்சுருளில் செருகி, இறுக்கிக் கட்டி, பெட்டியில் வைத்தேன். வழியில் எங்கோ பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உருவிப் பார்த்தவருக்குத் திரும்பச் செருகத் தெரியவில்லை. மொத்தமாகப் போட்டு மூடிவிட்டார். ஒன்றோடொன்று மோதி ஏழு உளிகளுக்கு வாய், அதாவது வெட்டும் முனை, போயிருந்தது. சாணை பிடித்து மீட்க இரண்டு நாள் ஆனது. அதுகூடப் பெரிதில்லை. துணியில் ஒரு சின்ன ரத்தக்கறை இருந்தது. முகம் தெரியாத ஒருவருடைய விரலை என் உளி கிழித்திருக்கிறது. அன்றிலிருந்து, பெட்டியைத் திறக்கப்போகிறவரை மனதில் வைத்துத்தான் கட்டுகிறேன்.

முதலில் ஒவ்வொரு உளிக்கும் தனித்தனியாக வாய்மூடி. குழி உளிகளுக்குத் தோட்டத்து ஓஸ் குழாயை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி மாட்டினால் நன்றாக நிற்கும். பட்டை உளிகளுக்குக் கெட்டி அட்டையை மடித்து, டேப் சுற்றினால் போதும். தெர்மோகோல் வேண்டாம், ஒரே குலுக்கலில் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மூடி மாட்டுவதற்கு முன் இரும்பை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தோல் உறையும் நீண்ட பயணத்துக்கு நல்லதல்ல, ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும்.

அப்புறம், உளிகளை ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ஸ்கேனரில் அது ஒரு கறுத்த கட்டியாகத் தெரியும். என்னவென்று புரியாததைத்தான் திறந்து பார்ப்பார்கள். கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றும் எங்கே உட்காரவேண்டும் என்று பெட்டியைத் திறந்தவுடன் தெரியவேண்டும். மூடியின் உட்புறம், அடுக்கிய நிலையில் எடுத்த ஒரு போட்டோவை ஒட்டிவிடுங்கள். மொழி தெரியாதவருக்கும் அது வழிகாட்டும். மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் 'ஷார்ப் வுட்கார்விங் டூல்ஸ்' என்று எழுதுங்கள். மூன்று நாட்டு ஊழியர்கள் கைபடப்போகிறது, மூவருக்கும் அது புரியும். இந்தப் பெட்டி சூட்கேஸின் நடுவில், சுற்றிலும் துணி இருக்கும்படி உட்காரட்டும். கொட்டாப்புளியும் சாணைக்கல்லும் அதே சூட்கேஸில் போகலாம், உளியோடு ஒட்டாமல்.

எடை விஷயத்தில் கவனம். எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது, டிக்கெட்டில் உங்களுக்குத் தந்திருக்கும் அளவு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டு பெட்டி அனுமதி இருந்தால் உளிகளை இரண்டிலும் பிரித்து வையுங்கள். ஒன்று வந்து மற்றது வராவிட்டாலும் மறுநாளே வேலையைத் தொடங்கும்படி பிரிக்கவேண்டும். பெரிய உளிகள் ஒன்றில், நுணுக்க உளிகள் இன்னொன்றில் என்று பிரித்தால் பயனில்லை.

கிரைண்டரின் பேட்டரிக்கு விதி தலைகீழ். மெஷின் செக்-இன் பெட்டியில் போகட்டும். கழற்றிய லித்தியம் பேட்டரிகள் கண்டிப்பாகக் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்கறையில் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, அதுதான் காரணம். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர் கிடைக்கும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் என்றால் 90. நூறு வரைக்கும் கேள்வியில்லை. அதே 18 வோல்ட்டில் 6 ஆம்பியர்-ஹவர் என்றால் 108 ஆகிவிடும்; 100 முதல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு மட்டும். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். இடமில்லை என்று விமானம் ஏறும் வாசலில் கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பினால், பேட்டரிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பையை மட்டும் கொடுங்கள்.

வார்னிஷ், தின்னர், டர்பன்டைன், ஸ்பிரே பெயிண்ட் எதுவும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரிக்கென்று சந்தனம், செம்மரத் துண்டுகளையும் பட்டை உரிக்காத மரத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

இனி பலரும் யோசிக்காத ஒன்று. சுற்றுலா விசாவில் போகிறவர் பெட்டியில் 22 உளிகள் இருந்தால், வேலை செய்யவா வந்தீர்கள் என்று லண்டனில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அந்த விசாவில் சம்பள வேலை செய்யக்கூடாது. வேலைக்கேற்ற விசாவைக் கோயில் நிர்வாகம் எடுத்துத்தருகிறதா என்று டிக்கெட் போடும் முன்பே உறுதிசெய்யுங்கள். அழைப்புக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும். இறங்கிய பிறகும் ஒரு சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கூரிய பொருளை வைத்திருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்குத் தேவை என்பது ஏற்கப்படும் காரணம். ஆனால் வேலை இல்லாத நாளில் பையில் உளியோடு ரயிலில் சுற்றாதீர்கள். முடிந்தால் உளிகளைக் கோயிலிலேயே பூட்டி வைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் எல்லா உளிகளையும் பரப்பிப் போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி, கிரைண்டர் பில்லையும் சேர்த்து வையுங்கள். சென்னையில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது இவை நம்முடையவை என்று காட்ட உதவும். அதற்கு உளிகளை நேரில் காட்டவேண்டும், ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் முன் கேளுங்கள். பெட்டி தொலைந்தால் சர்வதேசப் பயணத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்குப் பணம்) இழப்பீடு. 2024 டிசம்பர் 28 முதல் இதுதான் வரம்பு. சேதமென்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். நான் சொல்வது, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டியைத் திறந்து பார்த்து அங்கேயே புகாரை எழுதிக்கொடுங்கள்.

எந்த இழப்பீடும் அப்பாவின் உளிக்கு ஈடாகாது. அதனால் ஒன்று செய்யுங்கள். இந்த வாகனத்துக்கு எவை கட்டாயம் வேண்டும் என்று பாருங்கள். சாதாரணப் பட்டை உளி லண்டனிலும் கிடைக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகு நல்ல எஃகுதான். அப்பாவின் உளிகளில் உங்கள் கை தேடும் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை எண்ணெய் தடவி வீட்டில் இருக்கட்டும்.