ஜப்பானியருக்கும் ‘அ, இ, உ’ எப்படி?

கேள்வி: எழுத்தைச் சீனாவிலிருந்து வாங்கிய ஜப்பானியர், அகரவரிசையை மட்டும் ‘அ, இ, உ, எ, ஒ’ என்று இந்திய மொழிகள் போல அடுக்குவது ஏன்?

பதில்: புத்த மதம்தான் காரணம். கொரியாவின் பெக்சே அரசு வழியாக 6ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானுக்கு வந்தது. மந்திரங்களைச் சரியாக உச்சரிக்க, துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்தார்கள். சீனாவில் அதைக் கற்ற கூக்காய் என்ற ஜப்பானியத் துறவி 806இல் நாடு திரும்பினார். அந்தப் படிப்பின் ஒலி வரிசையே பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நிலைத்தது. ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். பழைய ஜப்பானியத்தில் அது ‘ப’தான், பின்னாளில் மருவியது.

எழுத்து வடிவம் மட்டும் சீனம். ஜப்பானியரின் ஒலியெழுத்து இரண்டு வகை. சீன எழுத்தை வேகமாகச் சுழித்து எழுதியதில் ஹிரகானா பிறந்தது. எழுத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்து, புத்த மத நூல்களான சூத்திரங்களின் ஓரத்தில் துறவிகள் குறித்தது கதகானா.

சீன எழுத்தோடு சீன உச்சரிப்பும் வந்ததால் ஒரே எழுத்துக்கு இரண்டு வாசிப்பு. மலையைக் குறிக்கும் சீன எழுத்து தனியே நின்றால் ஜப்பானியச் சொல்லான ‘யாமா’, ஃபூஜி என்ற மலைப் பெயரோடு சேர்ந்தால் சீன வழி வந்த ‘சான்’. இந்தச் ‘சான்’, ஆட்களின் பெயருக்குப் பின் வரும் மரியாதைச் சொல் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.