தேசியப் பூங்காவில் டென்ட் போடலாமா?

தம்பி, ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். ஆகஸ்டில் இரண்டு வாரம் லீவு. வாடகைக் கார், ஒரு டென்ட், மனைவி, ஆறு வயது மகள். "ஐரோப்பாவின் தேசியப் பூங்காக்களில் ராத்திரி டென்ட் போட்டுத் தங்கிக்கொண்டே போகலாமா அண்ணா? ஹோட்டல் செலவும் மிச்சமாகுமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டென்ட்டோடு ஊர் சுற்றலாம், தாராளமாக. ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் உள்ளே போட விடமாட்டார்கள். வாசலில் போட்டுக்கொண்டு பகலில் உள்ளே போய் வர வேண்டும். செலவு மிச்சமாவதெல்லாம் இரண்டாம் வருடத்திலிருந்துதான். முதல் வருடம் சாமான் வாங்கியே கை கரைந்துவிடும்.

நான் வந்த புதிதில் இது தெரியாது. பதினான்கு வருடம் முன்பு, கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு ஆல்ப்ஸில் ஓர் ஏரிக்கரைக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்தை ஒட்டி அழகான புல்வெளி. வேலி இல்லை, கேட்க ஆளும் இல்லை. டென்ட் போட்டோம், நூடுல்ஸ் செய்தோம், வெகுநேரம் நட்சத்திரம் பார்த்தோம். விடியற்காலை ஐந்தரைக்கு யாரோ டென்ட் துணியை மெல்லத் தட்டினார்கள். வனக்காவலர். அதட்டவில்லை. காலை வணக்கம் சொன்னார், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், ஆளுக்கொரு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார், நாங்கள் டென்ட்டை மடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலில் இரண்டு ராத்திரி தூங்கியிருக்கலாம்.

நம் ஊரில் காட்டுக்குள் இரவு தங்கக் கூடாது என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. யானை இருக்கிறது, புலி இருக்கிறது. இங்கே அதெல்லாம் இல்லையே, அப்புறம் எதற்குத் தடை என்று எனக்கும் அன்று கோபம் வந்தது. இங்கே பயப்படுவது விலங்குகள்தான். பகல் முழுக்கப் பாதைகளில் ஆள் நடமாட்டம். மானும் மற்றதும் நிம்மதியாக வெளியே வர அந்தியும் விடியலும்தான் மிச்சம். அந்த நேரத்திலும் நாம் அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவை எங்கே போகும்? ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவான பவேரியக் காடு 1970இல் தொடங்கியது. இயற்கையை இயற்கையாகவே இருக்க விடு என்பதுதான் அங்கே தாரக மந்திரம். 1983இல் புயல் சாய்த்த மரங்களைக்கூட எடுக்காமல் கிடந்தபடியே விட்டார்கள். சாய்ந்த மரத்தையே நகர்த்தாதவர்கள் நம் டென்ட்டை விட்டுவைப்பார்களா! 1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்கா இன்னும் கறார். பாதையை விட்டு இறங்கக் கூடாது, நாயைக் கயிறு கட்டிக்கூட அழைத்துப் போகக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவேரியாவில் இருக்கும் பெர்க்டெஸ்காடன் பூங்காவில் கோனிக்ஸ்சே ஏரிக்கு மேலே, அருவியின் உச்சியில் பாறைக் குளம் ஒன்று உண்டு. ஏரியை நோக்கி விளிம்பில் சாய்ந்தபடி படம் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து ஊரே கிளம்பிவிட்டது. புதர்களை மிதித்துப் புதுப் புதுப் பாதைகள் உண்டாக, 2021இல் ஐந்து வருடத்துக்கு அந்த இடத்தையே மூடினார்கள். ஆகவே இணையத்தில் யாரோ ஏரிக்கரையில் ஒற்றை டென்ட்டோடு போட்டிருக்கும் படத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அவர் அபராதம் கட்டினாரா என்பது படத்தில் தெரியாது.

சரி, காட்டுக்குள் ஒரு ராத்திரியாவது தூங்கியே ஆக வேண்டும் என்று ஆசையா? உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கருங்காட்டில், அதுதான் ஷ்வார்ட்ஸ்வால்ட், 'ட்ரெக்கிங் கேம்ப்' என்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஓரிடத்தில் மூன்று டென்ட், ஒரு ராத்திரி மட்டும். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், நடந்துதான் போக வேண்டும். ஒரு கழிப்பறையும் நெருப்பு மூட்ட ஓரிடமும் இருக்கும். குழாயை எதிர்பார்க்காமல் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு போங்கள். வார இறுதி இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும், உங்களால் வார நாளில் போக முடிந்தால் அதிர்ஷ்டம்.

பிரான்சில் விஷயம் வேறு. மெர்கான்தூர், எக்ரான் போன்ற மலைப் பூங்காக்களில் பூங்கா எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேரம் நடந்து உள்ளே போய்விட்டால், மாலை ஏழு மணிக்குச் சின்ன டென்ட் போட்டுக் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடலாம். அதற்கு 'பிவுவாக்' என்று பெயர். ஆறு வயதுக் குழந்தையோடு, மேட்டில், டென்ட்டையும் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நார்வே தனி உலகம். அங்கே 1957இலேயே சட்டம் போட்டு, உழுத நிலமோ வீட்டுத் தோட்டமோ இல்லாத திறந்தவெளியில் யாரும் தங்கலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் என்றால் நிலக்காரரைக் கேட்க வேண்டும், உயர்மலையில் அதுவும் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. யோட்டுன்ஹைமன் பூங்காவுக்குள் டென்ட் போட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு வெளிச்சத்தில் டீ குடித்தது என் வாழ்நாளில் மறக்காது. ஆனால் ஸ்டுட்கார்ட்டிலிருந்து காரில் போய் வருவதிலேயே உங்கள் லீவில் பாதி தீர்ந்துவிடும். அதை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள். ஸ்காட்லாந்திலும் 2003இல் போட்ட சட்டப்படி இதே மாதிரி உரிமை உண்டு. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பதால் அதையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்கள் மூவருக்கும் என்றால் நான் இரண்டே இடம் சொல்வேன். முதல் வாரம் கோனிக்ஸ்சே. பூங்கா எல்லைக்கு வெளியே ஷோனாவில் கேம்பிங் பிளாட்ஸ், அதாவது காசு கட்டி டென்ட் போடும் இடம், இருக்கிறது. காலையில் முதல் படகைப் பிடித்துவிடுங்கள். அந்த ஏரியில் 1909 முதல் பயணிகள் படகு மின்சாரத்தில்தான் ஓடுகிறது, இரைச்சலே கிடையாது. பாதி வழியில் படகை நிறுத்தி ஊதுகொம்பு வாசிப்பார்கள். எதிர்ப் பாறை திருப்பி வாசிக்கும். உங்கள் மகள் அதையே ஊர் திரும்பும்வரை பேசிக்கொண்டிருப்பாள். இரண்டாம் வாரம் ஸ்லோவேனியாவில் போகின் ஏரி. அது ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, ஆனால் ஏரியின் மேற்குக் கரையில் அனுமதி பெற்ற கேம்பிங் இடம் உண்டு. கண்ட இடத்தில் போட்டால்தான் அபராதம். ஆகஸ்டில் தண்ணீர் குளிக்கிற அளவுக்கு இருக்கும். பக்கத்திலிருக்கும் பிளெட் ஏரிக்குத்தான் எல்லோரும் போவார்கள். அதை அரை நாளில் பார்த்துவிட்டு போகினுக்கு வந்துவிடுங்கள், கூட்டத்தில் பாதி குறைந்துவிடும். ஆஸ்திரியா வழியாகப் போகும்போது நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை எல்லைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், ஸ்லோவேனியாவுக்கு அது தனி.

கேம்பிங் பிளாட்ஸ் என்பது ஒரு சின்ன ஊர் மாதிரி. ஆளுக்கு இவ்வளவு, டென்ட்டுக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிரித்து வாங்குவார்கள், மேலே சுற்றுலாப் பயணிகளுக்கான ஊர் வரி. ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு ராத்திரிக்கு 45 முதல் 60 யூரோ வரை ஆகிறது. சில இடங்களில் வெந்நீருக்குக் காசு போட வேண்டும், நுரையோடு நிற்கும்போது தண்ணீர் நின்றுவிடும், எச்சரிக்கை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஜெர்மனியில் பல இடங்களில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரையும் அமைதி நேரம். நுழைவுத் தடுப்பையே இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சமையலுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போதும். டென்ட்டுக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம், மழை பெய்தாலும் சரி. வெளியே தாளித்தால் யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று பயந்தேன். பக்கத்து வண்டி டச்சுக்கார அம்மா கிண்ணத்தோடு வந்தார்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் எல்லோரும் தவறுவது அங்கேதான். ஆகஸ்ட்தானே என்று போர்வையும் காற்றடிக்கும் மெத்தையும் எடுத்துப் போவார்கள். மலைப்பக்கம் ராத்திரி எட்டு, ஒன்பது டிகிரிக்குச் சாதாரணமாக இறங்கும். வெறும் காற்று மெத்தை தரையின் குளிரை அப்படியே முதுகுக்குக் கடத்தும். அதனால் குளிர் தடுக்கும் பாய்தான் முதலில் வாங்க வேண்டியது. அது எவ்வளவு குளிர் தடுக்கும் என்பதைக் காட்ட அதன்மேல் போட்டிருக்கும் ஆர் எண் (R-value) மூன்றுக்குக் குறையாமல் பாருங்கள். ஸ்லீப்பிங் பேகில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு எண் இருக்கும். லிமிட் என்பது ஒரு ஆண் சுருண்டு படுத்தால் தாங்குகிற குளிர். அதை நம்பினால் விடிய விடிய விழித்திருப்பீர்கள். கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள், அதிலும் எதிர்பார்க்கும் குளிரைவிட நான்கைந்து டிகிரி கீழே வாங்குங்கள். டென்ட்டைப் பழையதாக வாங்கலாம், இரவலும் வாங்கலாம். பாயில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உண்ணி விஷயத்தை இந்த வாரமே கவனியுங்கள். நீங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க்கும் பவேரியாவும் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வட்டாரம். தடுப்பூசி மூன்று தவணை, அங்கே குடியிருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீடு செலவை ஏற்கும். முதல் இரண்டு ஊசிக்கும் இடையில் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் விட வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. குழந்தை மருத்துவரிடம் மகளுக்கும் கேளுங்கள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு ஊசி இல்லை. மாலையில் டென்ட்டுக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணியை எடுக்கும் இடுக்கி மருந்துக்கடையில் சில யூரோதான். அப்புறம், எண்ணெய் தடவி எடுப்பது என்ற நம் வீட்டு வைத்தியம் இதற்கு வேண்டாம்.

ஜெர்மனியில் வசிக்க அனுமதிக்கும் அட்டையோடு பாஸ்போர்ட்டையும் மூவரும் அசலாகவே எடுத்துப் போங்கள், வரவேற்பறையில் எல்லோருடையதையும் கேட்பார்கள். இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதே? ஜெர்மன் லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் வாடகைக் காரை மறந்துவிட்டு ரயிலில் போங்கள். பெர்க்டெஸ்காடன் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஏரிக்குப் பஸ்.

ஜூலையிலேயே ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஏதாவது கேம்பிங் பிளாட்ஸில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். மழை கொட்டினால் மூட்டையைக் கட்டி வீட்டுக்கு வந்துவிடலாம், யாருக்கும் வெட்கமில்லை. மகளுக்குத் தலையில் மாட்டும் டார்ச் ஒன்றைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். நடுராத்திரி கழிப்பறைக்கு எழுப்பினால் அழாமல் வருவாள். என் மகன் அந்த டார்ச்சுக்காகவே இரண்டு தடவை எழுந்தான்.