மலைத் தோட்டத்தில் காகத்தைச் சுடலாமா? சுடாமல் பயிரைக் காப்பது எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் பட்டாணியும் பீன்ஸும் போட்டிருக்கிறேன், ஓரத்தில் பிளம்ஸ் மரங்கள். காகத் தொல்லை தாங்கவில்லை. காகத்தைச் சுட்டால் கேஸ் கிடையாது என்கிறார்கள். உண்மையா? எப்படி வேட்டையாடுவது?

பதில்:

அது பழைய கதை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் இவற்றோடு காகமும் 'தொல்லை உயிரினம்' என்று இருந்தது. அதில் இருந்தவரை வேட்டைத் தடை அதற்குப் பொருந்தவில்லை. 2022 திருத்தம் 1.4.2023 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காகம் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பக்கத்தில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் (2013) இருக்கிறது. அதன் எல்லைக்குள் வேட்டையாடினால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு.

வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைக்காதீர்கள். விஷம் வைப்பது, கண்ணி, பொறி, வலையில் பிடிப்பது, முட்டையை உடைப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். அதற்கான முயற்சியும் சேர்த்தி. ஏர்கன் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் வாங்க உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்பதற்கும் அதை வைத்துப் பறவையைச் சுடலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

சட்டப்படி ஒரே ஒரு வழி உண்டு. நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால், பிரிவு 11-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ காரணம் எழுதி அனுமதிக்கலாம். மனுவை மாவட்ட வன அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சிட்டா, அடங்கல், தேதியோடு சேதப் படங்கள் சேர்த்துக் கொடுங்கள். காகத்துக்காக அனுமதி வரும் என்று நம்பி விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். பொம்மைக் காகங்களைப் பரப்பி, நடுவில் பொம்மை ஆந்தையை வைத்து, காகங்கள் ஆந்தையை விரட்டும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, மறைப்புக்குள்ளிருந்து ஷாட்கன்னால் சுடுவார்கள். அங்கே மாநிலங்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 124 நாள் வேட்டைக்காலம் விடலாம், அதுவும் கூடு கட்டும் உச்ச காலத்தைத் தவிர்த்து. அதை இங்கே செய்தால் வழக்குதான். பயிருக்கும் லாபமில்லை. இரண்டைச் சுட்டால் மற்றவை உங்கள் முகத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, நீங்கள் இல்லாத நேரம் பார்த்து இறங்கும். காலியான இடத்துக்கு வேறு ஜோடி வரும்.

விஷம் இன்னும் மோசம். குருணைப் பூச்சிமருந்து கலந்த சோற்றைத் தின்று செத்த காகத்தை நாய் தின்னும், பருந்து தின்னும். நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு விஷம் வைத்த பிணங்களும் பெரிய அச்சுறுத்தல்.

சரி, பயிருக்கு வருவோம். சேதம் செய்தது காகம்தானா என்று முதலில் பாருங்கள். முளைக்கும்போது பட்டாணியின் விதைப்பருப்பு மண்ணுக்குள்ளேயே இருக்கும், பீன்ஸின் பருப்பு மேலே வரும். அதனால் பட்டாணியில் காகம் நாற்றைப் பிடுங்கி அடிப்பருப்பைத் தின்றுவிட்டுத் தண்டை வரிசையிலேயே போட்டுவிடும், பீன்ஸில் மேலே வந்த பருப்பிலையைக் கொத்தும். தண்டு தரைமட்டத்தில் அறுந்து கிடந்தால் வெட்டுப்புழு. அருகில் மேல்மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும். நுனி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். மண்ணைச் சீய்த்திருந்தால் காட்டுக்கோழி. பிளம்ஸில் இரவில் சேதமாகி, சக்கை துப்பிக் கிடந்தால் வௌவால். உழும்போது பின்னாலேயே வரும் அண்டங்காக்கை வேரைத் தின்னும் வெண்புழுவைப் பொறுக்குகிறது, அப்போது விரட்டுவது நமக்கே நஷ்டம்.

காகத்தால் வரும் ஆபத்து வருடம் முழுக்க இல்லை. முளை தலைகாட்டியதிலிருந்து நான்கு அங்குலம் வளரும்வரை, சுமார் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தைக் காத்தால் போதும்.

விதையை இரண்டு அங்குல ஆழத்தில் போட்டு மண்ணை அழுத்துங்கள். மேலே சிந்திய நாலு பட்டாணிதான் காகத்துக்கு வரிசையையே காட்டிக்கொடுக்கும், பொறுக்கிவிடுங்கள். முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் விதைப்பதும் நல்லது. பகுதி பகுதியாக விதைத்தால் காவல் காலம் ஒன்றரை மாதத்துக்கு இழுக்கும்.

பாத்திக்கு மேல் ஒரு அடி உயரத்தில், ஒரு அடிக்கு ஒன்றாகச் சணல் அல்லது வெள்ளைக் கயிறு கட்டுங்கள். காகம் இறக்கை விரித்தால் இரண்டரை அடிக்கு மேல். கயிற்றுக்கு நடுவே இறங்கவும் பறக்கவும் அதற்குப் பயம். பலரும் கோட்டை விடுவது ஓரத்தில்தான்: மேலே இறங்க முடியாத காகம் பக்கவாட்டில் நடந்தே உள்ளே போகும். சுற்றிலும் நான்கு அங்குலத்திலும் பத்து அங்குலத்திலும் இரண்டு கயிறு கட்டாயம். மீன்பிடி நரம்பு வேண்டாம், சின்னக் குருவிகள் சிக்கும். சிறிய பரப்பாக இருந்தால் மூங்கில் வளையத்தின் மேல் பழைய நிழல்வலையைப் போர்த்தலாம். நான்கு அங்குலம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டு வெளுத்து நீண்டு சாயும்.

மினுங்கும் ரிப்பன் மேல்மலையில் பாதி வேலைதான் செய்யும். மூடுபனி இறங்கினால் மினுக்கமே கிடையாது, காகம் இறங்குவதோ விடியற்காலையில். கட்டுவதானால் முறுக்கிக் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கறுப்புத் துணியில் தலைகீழாகத் தொங்கும் பொம்மைக் காகமும் இப்படித்தான்: முளைக்கும் வாரத்தில் தொங்கவிட்டு, பிறகு கழற்றிவிட வேண்டும். நிரந்தரமாகத் தொங்கினால் அதன்மேலேயே உட்காரும். நிஜமான செத்த காகத்தைத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உடலை வைத்திருப்பதே இப்போது கேள்விக்குள்ளாகும். கார்பைடு வெடி கண்ணைப் பறிக்கும். அதன் சத்தத்தில் மிரண்ட காட்டுமாடு யார் தோட்டத்துக்குள் பாயும் என்று சொல்ல முடியாது.

பிளம்ஸுக்கு வலைதான். காய் நிறம் திரும்பும்போது போட்டு, பறிப்பு முடிந்த அன்றே எடுங்கள். தடித்த நூலில் பின்னியதாக, ஒரு அங்குலத்துக்குக் குறைந்த கண்ணியோடு வாங்குங்கள். வலையைக் கிளையின் மேலேயே போர்த்தினால் காகம் மேலே உட்கார்ந்து கண்ணி வழியாகக் கொத்தும். கம்பு நட்டு, பழத்திலிருந்து ஒரு அடி தள்ளி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளப்பான வலையில் கொண்டைக்குருவி சிக்கிச் சாகும். அடிப்பக்கத்தைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, காலையும் மாலையும் பாருங்கள். எல்லா மரத்துக்கும் வலை வாங்கக் கட்டாது என்றால் முதலில் பழுக்கும் மரங்களுக்கு மட்டும் போடுங்கள். காகம் அங்கேதான் பழகுகிறது.

காகம் உட்காரும் சவுக்கையோ சில்வர் ஓக்கையோ வெட்டிவிடலாம் என்று தோன்றும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் (1955) இருக்கிறது, அனுமதி இல்லாமல் கோடாரியைத் தூக்காதீர்கள். அதைவிட எளிது, தோட்டத்து ஓரத்தில் கொட்டும் சோறு, கோழிக் கழிவு, மூடாத கோழி எருக் குவியல் இவற்றை நிறுத்துவது. கழிவை இரண்டடிக் குழியில் போட்டு அன்றன்றைக்கே மண் தள்ளுங்கள். எருக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். காற்றில் தார்ப்பாய் ஒரு மூலை தூக்கினாலும் மறுநாள் காலை காகம் அங்கேதான் இருக்கும்.